கம்பி எட்டவில்லை! கோடிகள் போயின!

அது 2 மாடி விமானம். 500 பேருக்கு மேல் அதில் உட்காரலாம். பயணிகள் விமானங்களில் அதுதான் உலகிலேயே பெரியது. பெயர்: ஏர்பஸ் ஏ-380.

அந்த ராட்சத விமானத்தை மண்டியிட வைத்தது எது தெரியுமா? ஒரு மின்சாரக் கம்பி!

4 நாட்டு வேலை

விமானத்தின் உடல் பாகங்கள் ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரில் தயாராயின. இறக்கைகள் பிரிட்டனில் தயாராயின. வாலின் ஒரு பகுதி ஸ்பெயினில் உருவாயிற்று. எல்லாம் கப்பல் ஏறி, படகு ஏறி, லாரி ஏறி பிரான்சு நாட்டின் தூலூஸ் நகருக்கு வந்தன. அங்கேதான் ஒன்றாகப் பூட்டினார்கள்.

ஒரு விமானத்துக்குள் 500 கிலோ மீட்டர் நீளத்துக்கு மேல் கம்பி ஓடுகிறது. ஹாம்பர்க்கில் பூட்டிய கம்பிகளைத் தூலூஸ் தொழிலாளர்கள் இழுத்து இணைக்கப் பார்த்தார்கள். பல கம்பிகள் எட்டவில்லை!

காரணம் என்ன?

எல்லோரும் வரைபடம் போட்டது கம்ப்யூட்டரில்தான். கேட்டியா என்ற ஒரே சாப்ட்வேர்தான். ஆனால் ஜெர்மனியும் ஸ்பெயினும் பழைய 4-வது பதிப்பை வைத்திருந்தன. பிரான்சும் பிரிட்டனும் புதிய 5-வது பதிப்புக்கு மாறிவிட்டன.

பழையது சொன்னது புதியதற்குச் சரியாகப் புரியவில்லை. ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்ற இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கம்பி வளைந்து போகும் இடங்களில் கணக்கு தவறியது.

ராஜினாமா!

ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தூலூசுக்கு ஓடி வந்தார்கள். கம்பிகளைக் கையால் மாற்றினார்கள்.

2006 ஜூனில் தாமதம் பற்றிய செய்தி வெளியானது. மறுநாளே தாய்க் கம்பெனியின் பங்கு விலை கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஜூலையில் ஏர்பஸ் தலைவர் ஹம்பர்ட்டும், தாய்க் கம்பெனித் தலைவர்களில் ஒருவரான ஃபோர்ஜாரும் ராஜினாமா செய்தார்கள். 2010-க்குள் வரவேண்டிய லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று அக்டோபரில் அறிவித்தார்கள்.

முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பொருளின் ஜாதகம்

விமானமோ, காரோ, மோட்டாரோ எதுவானாலும் அதற்கு ஒரு ஜாதகம் உண்டு. வரைபடம் என்ன, எந்த ஆணி எங்கே, யார் எப்போது என்ன திருத்தினார், எப்போது பழுது பார்த்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். பொருள் பிறந்தது முதல் கழித்துக் கட்டும் வரை அதைக் காப்பாற்ற வேண்டும். அதற்கென்றே தனி சாப்ட்வேர் இருக்கிறது.

முன்பு ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் கம்ப்யூட்டரில் தனியாக வைத்திருந்தது. இப்போது பல கம்பெனிகள் அதை "மேகம்" என்ற ஏற்பாட்டுக்கு மாற்றி வருகின்றன. வானத்து மேகம் அல்ல! எங்கோ பெரிய கட்டிடத்தில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்கள்தான் அவை. இன்டர்நெட் மூலம் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். எல்லோர் கண்ணிலும் படுவது ஒரே வரைபடம், ஒரே திருத்தம்.

ஏர்பசும் பாடம் கற்றது. 2019-ல், கேட்டியாவைத் தயாரிக்கும் தசோ சிஸ்டம்ஸ் கம்பெனியோடு 5 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. வடிவமைப்பு, தயாரிப்பு, பராமரிப்பு மூன்றையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவதே நோக்கம்.

எண்ணிப் பார்த்துக் கொடுங்கள்

ஆனால், மாற்றினால் மட்டும் போதாது. பாதிப் பேர் மாறி, பாதிப் பேர் மாறாமல் இருந்ததால் வந்த வினைதானே அது! பழைய வரைபடம் ஒவ்வொன்றும் அளவு பிசகாமல் புதிய இடத்துக்கு வந்ததா என்று சரிபார்க்க வேண்டும். அதுவரை பழையதை மூடக்கூடாது.

ஏ-380 தயாரிப்பு 2021-ல் நின்றுவிட்டது. ஆனால் அந்த விமானங்கள் இன்னும் பறக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்க அந்த ஜாதகம் வேண்டுமே!

வீடு மாறும்போது நாம் என்ன செய்கிறோம்? பாத்திர பண்டங்களை எண்ணிப் பார்க்கிறோம். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கிறோம்.

விமானக் கம்பெனிக்கும் அதே கணக்குத்தான்!