தாத்தா ஏன் ஒலியைக் கூட்டுகிறார்?

மாலையில் தாத்தா தொலைக்காட்சியில் செய்தி கேட்கிறார். ஒலி தெருக்கோடி வரை போகிறது. அம்மா சமையலறையிலிருந்து முறையிட, நீங்கள் போய்க் குறைக்கிறீர்கள். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்கிறார் தாத்தா. பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொல்வது மிகச் சரி.

நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற காக்ளியா இருக்கிறதல்லவா? அதில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலி நுழையும் வாசலருகே இருப்பவை கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளை உணர்கின்றன. உட்கோடியில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளை. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் அழிபவை வாசலருகே உள்ளவையே. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இனி பேச்சுக்கு வருவோம். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, வலுவானவை. ச், ஸ் போன்றவை மெலிந்தவை, உயர் அதிர்வெண் கொண்டவை. ஆகவே 'சட்டை'யும் 'பட்டை'யும் தாத்தாவுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். ஒலியைக் கூட்டினால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் உயிரொலிகளும் சேர்ந்து கூடுகின்றன! நீங்கள் உரக்கப் பேசினால் "ஏன் கத்துகிறாய்?" என்று அவர் கோபிப்பதும் இதனால்தான்.

தொலைக்காட்சியில் 'பாஸ்' குறைத்து 'டிரெபிள்' கூட்டிப் பாருங்கள். மின்விசிறியின் இரைச்சலைக் குறைத்தாலும் பலன் உண்டு.

உங்கள் இயர்போனும் உரக்க ஒலித்தால் அதே செல்களைத்தான் தாக்கும். தொழிற்கூடங்களுக்கான ஒரு கணக்குப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் எவ்வளவு நேரம்? கணக்கிட்டுப் பாருங்கள்: கால் மணி நேரம்தான்.