சிறுமூளையைத் தொடும் காந்தம்

முதுமையில் கால் தடுமாறுவதற்குத் தசைத் தளர்ச்சியையும் மூட்டுத் தேய்மானத்தையுமே காரணமாகச் சொல்வது வழக்கமாயினும், கண், உட்செவி, உள்ளங்கால் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை ஒப்புநோக்கி, உடல் சாயத் தொடங்கும் கணத்திலேயே அதை நிமிர்த்துவதில் பிடரிப் பகுதியில் அமைந்த சிறுமூளைக்குப் பெரும் பங்குண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்பதால், இந்தச் சிறு உறுப்பின் மீது மருத்துவ உலகம் காட்டும் அக்கறை காலத்தின் தேவையாகும்.

மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையைக் காந்தத்தால் தூண்டும் முறையை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985இல் செய்து காட்டினர். தலைக்கு மேல் பிடிக்கப்படும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் நொடிப்பொழுதினும் குறைவாகப் பாயும்போது எழும் காந்தப்புலம், எலும்பை ஊடுருவிச் சென்று, ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் விதிப்படி நரம்பணுக்களில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஒரு துடிப்பின் விளைவு உடனே மறைந்துவிடும். ஆனால் மும்மூன்று துடிப்புகளைக் கொத்தாக்கி, நொடிக்கு ஐந்து கொத்துகள் வீதம், இடைவெளி விட்டுவிட்டுச் செலுத்தினால், நரம்பிணைப்புகளின் இயக்கம் தூண்டல் நின்ற பிறகும் சிறிது நேரம் கூடியிருக்கும். 600 துடிப்புகள் கொண்ட ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடத்திற்குச் சற்றே அதிகம் ஆகும்.

ரோம் நகரின் சாந்தா லூசியா மறுவாழ்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் தனிக் கவனத்திற்குரியது. பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தவர்களுக்கு, சிறுமூளையின் ஒரு பாதி பெருமூளையின் எதிர்ப்பாதியோடு இணைந்திருப்பதைக் கருத்திற்கொண்டு, பெருமூளையின் பாதிப்புற்ற பாதிக்கு எதிர்ப்புறச் சிறுமூளை மூன்று வாரம் தூண்டப்பட்டது. கூடவே பிசியோதெரபியும் அளிக்கப்பட்டது. கண்ணை மூடி நிற்றல், தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுத்தல், ஒற்றைக்காலில் நிற்றல் முதலான 14 செயல்களுக்கு 56 மதிப்பெண் வழங்கும் பெர்க் சமநிலை அளவீட்டில், போலித் தூண்டல் பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாக முன்னேறினர். தடுமாற்றத்திற்கு அஞ்சிக் காலை அகட்டி நடக்கும் இயல்பும் குறைந்தது. எனினும் கைகால்களின் பொதுவான இயக்கத்திறனிலும் அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் ஆற்றலிலும் இரு குழுவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை.

ஆய்வை நிறைவுசெய்தவர்கள் 34 பேரே என்பதாலும், அவர்கள் அனைவரும் பக்கவாத நோயாளிகள் என்பதாலும், இம்முடிவை வயதின் காரணமாக மட்டும் தள்ளாடுகிறவர்களுக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. நலிந்திருக்கும் முதியோரிடம் நம்பிக்கையை விலைக்கு விற்கும் விளம்பரங்களுக்கு இது இடந்தந்துவிடக் கூடாது. தூண்டல் பயிற்சிக்கு மூளையைப் பதப்படுத்துகிறதே தவிர, பயிற்சியின் இடத்தை நிரப்புவதில்லை. உடற்பயிற்சி மட்டுமே முதியோர் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. ஆகவே இனிவரும் ஆய்வுகள், பயிற்சியோடு தூண்டலையும் பெற்ற முதியவர், பயிற்சியை மட்டும் பெற்றவரைவிட அடுத்த ஓராண்டில் தம் வீட்டில் குறைவாக விழுகிறாரா என்பதைக் கணக்கிட வேண்டும்.