ஆறிப்போன டீ அல்ல

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஜார்ஜியாவிலோ தென் கரோலினாவிலோ, ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வெறுமனே ‘டீ’ என்று கேட்டால் ஆவி பறக்கும் கோப்பை வராது. உயரமான கண்ணாடித் தம்ளரில் ஐஸ் கட்டிகள் மிதக்க, நல்ல இனிப்போடு குளிர்ந்த டீ வரும். சூடாக வேண்டுமென்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஸ்வீட் டீ’ என்று அவர்கள் சொல்லும் இதை நம்மில் பலர், மீந்த டீயில் ஐஸ் போட்டது என்றோ, பாக்கெட் பொடியைக் கரைத்தது என்றோ நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் இல்லை. இது தனிப் பானம். இதன் ருசி விலை உயர்ந்த தேயிலையில் இல்லை, சர்க்கரை எந்த நேரத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. டிகாஷன் கொதிசூட்டில் இருக்கும்போதே சர்க்கரை போட்டுக் கரைத்துவிட வேண்டும். ஆறிய பிறகு போட்டால் அது இனிப்பு கலந்த குளிர்ந்த டீயாக இருக்குமே தவிர, ஸ்வீட் டீ ஆகாது.

இதற்குக் காரணமாகப் பலரும் சொல்வது, குளிர்ந்த நீர் அவ்வளவு சர்க்கரையைத் தாங்காது என்பது. அது தவறு. உறையும் நிலையில் இருக்கும் 100 கிராம் தண்ணீரிலேயே சுமார் 180 கிராம் சர்க்கரை கரையும். யாரும் அந்த அளவுக்குப் போட்டுக் குடிப்பதில்லை. சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. குளிர்ந்த டீயில் போட்ட சர்க்கரை கரைவதற்கு முன்பே அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஸ்பூனால் எவ்வளவு கலக்கினாலும் முதல் வாய் துவர்க்கும், கடைசி வாய் பாகாய் இனிக்கும். சூட்டிலோ நான்கு சுற்றுச் சுற்றினால் போதும். நாக்கின் கணக்கும் ஒன்று உண்டு: குளிரில் இனிப்பு மங்கித் தெரியும். இனிப்பை உணரும் செல்களில் அயனிகளை உள்ளே விடும் ஒரு கதவு, வெப்பம் ஏற ஏறத்தான் நன்றாகத் திறக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும், சூட்டில் திகட்டும் டிகாஷன் ஐஸில் அளவாக இருப்பதும் இதனால்தான்.

சரித்திரமே இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அச்சில் வந்த ஸ்வீட் டீ குறிப்புகளில் மிகப் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1879-இல் மரியன் கேபெல் டைரி தொகுத்த வர்ஜீனியாச் சமையல் நூலில் இருக்கிறது. (1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ஒரு தேயிலைப் பிரசாரகர் வெயில் தாங்காமல் ஐஸ் டீயைக் கண்டுபிடித்தார் என்ற கதை இதனாலேயே அடிபட்டுப் போகிறது.) அந்தக் குறிப்பில் இருப்பது பச்சைத் தேயிலை. காலையிலேயே ஊறவைத்து, மாலையில் கோப்பை நிறைய ஐஸும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, அதன்மேல் டீயை ஊற்றச் சொல்கிறது. ஆக, சர்க்கரை குளிரில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் அது ஐஸ் அரிதாக இருந்த காலத்து விருந்துப் பானம். அதே நூற்றாண்டில்தான் பாஸ்டனிலிருந்து மதராஸுக்குக் கப்பலில் ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. விருந்தாளியின் கோப்பையில் இரண்டு ஸ்பூன் கரையாமல் கிடந்தால் பாதகமில்லை. வீட்டில் ஒரு ஜாடி நிறையப் போட்டு நாள் முழுக்கக் குடிப்பதற்கு அந்த முறை ஒத்துவராது.

சர்க்கரைப் பாகைத் தனியாக வைத்து அவரவர் ஊற்றிக்கொண்டால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஆனால் பாகும் அடுப்பில் சூடாகித்தான் வந்தது. வேலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தேயிலையைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைப்பவர்களும் உண்டு. அதில் துவர்ப்பு குறைவு என்பது உண்மை; ஸ்வீட் டீக்கு வேண்டிய அழுத்தமும் குறைவு. ஜாடியை வெயிலில் வைத்து இறக்கும் முறையை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிரக் கிருமி சாகும் சூட்டுக்குப் போகாது.

அடுத்தது ஐஸ். 80 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் டிகாஷனை ஐஸை மட்டும் கொண்டு 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 440 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது டீ இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பங்கு தண்ணீர். கடையில் வாங்கும் ஐஸ் டீ பல சமயம் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம். எனவே டிகாஷன் இருமடங்கு கெட்டியாக இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, நான்கு ஸ்பூன் இலைத் தூள் போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். சக்கையைப் பிழியாமல் வடிகட்டி, உடனே 50 கிராம் சர்க்கரை சேர்த்து, பாத்திரத்தின் அடி தெளிவாகத் தெரியும்வரை கலக்குங்கள். பிறகு அரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, நன்றாக ஆறிய பின் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு குளிரில் வைத்தால் காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றுசேர்ந்து டீ கலங்கிவிடும். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். பாலுக்கென்றே வரும் டஸ்ட் டீ சீக்கிரம் கலங்கும். நீலகிரி இலைத் தேயிலை குளிர்ந்தாலும் தெளிவாக நிற்கும் என்று பெயர் வாங்கியது; அமெரிக்க ஐஸ் டீக் கலவைகளில் அதற்கு இடம் கிடைத்ததும் அதனால்தான். துவர்ப்பை அடக்க அங்கே ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவார்கள். வேறு சிலர் எலுமிச்சை பிழிவார்கள். சோடா நிறத்தைக் கறுக்கவைக்கும், எலுமிச்சை வெளுக்கவைக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்பதால் ஏதாவது ஒன்று போதும். என் ஓட்டு எலுமிச்சைக்கு.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது: சர்க்கரை. தென் மாநில வீடுகளில் ஒரு கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, இரண்டு கப் சர்க்கரை போடுவது சாதாரணம். 250 மில்லி தம்ளருக்கு 26 கிராம் ஆகிறது, கோலாவுக்குச் சமம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதனால்தான் மேலே அளவைப் பாதியாக்கியிருக்கிறேன். ஐஸ் இல்லாமலே ஒரு தம்ளருக்குப் பன்னிரண்டு கிராம் சொச்சம்தான் வரும். சூட்டிலேயே கரைத்தால் ஒவ்வொரு வாயும் ஒரே மாதிரி இனிக்கும், அடியில் வீணாகும் சர்க்கரை இராது. எனவே குறைத்துப் போட்டாலும் நிறைவாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையே இல்லாமல், எலுமிச்சையோடு குடிக்கட்டும். அங்கேயும் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. போட்ட டீயை இரண்டு நாளுக்குள் குடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் மிச்சம் இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.