நகம் பட்டால் கீறும் உலோகம்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் சிலர், தங்களுக்கான குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். மூலப்பொருள் பெரும்பாலும் பழைய காரீயம்தான். வீல் பேலன்சிங்குக்காக ரிம்மில் மாட்டிய துண்டுகள், கூரைத் தகடு, மூடிய அச்சகங்களின் எழுத்து உலோகம் எல்லாம் அதில் சேரும். பார்வைக்கு எல்லாமே சாம்பல் நிறம். கடினத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று நாலு மடங்கு வரை வித்தியாசம்.

கடினத்தை எண்ணால் சொல்ல வழி காட்டியவர் ஸ்வீடன் பொறியாளர் பிரினெல். 1900இல் அவர் முன்வைத்த முறை எளிமையானது: ஓர் உருண்டையைத் தெரிந்த எடையால் உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் குழியின் அகலத்தை அளப்பது. சுத்தக் காரீயத்துக்கு அந்த எண் ஏறத்தாழ 5. சக்கரத் துண்டுகளுக்கு 12 வரை. லைனோடைப் அச்சு உலோகத்துக்கு 22. கருவி இல்லாதவர்கள் ஓவியப் பென்சில்களை வைத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பென்சில் முதலில் வழுக்காமல் உலோகத்தைச் சுரண்டுகிறதோ, அதன் தரத்தைக் கொண்டு கடினத்தை மதிப்பிடுவார்கள். துல்லியம் குறைவு, ஆனால் பயனுள்ள வழி.

காரீயம் ஏன் இத்தனை மென்மை? அது உருகுவது 327 டிகிரி செல்சியஸில், அதாவது 600 கெல்வினில். நம் அறையின் வெப்பமே 300 கெல்வின். உருகுநிலையின் பாதியை அது அறையிலேயே எட்டிவிடுகிறது. இரும்பை அதே நிலைக்குக் கொண்டுவர 630 டிகிரிக்கு மேல், மங்கிய சிவப்பாக ஒளிரும்வரை காய்ச்ச வேண்டும். ஆகவே காரீயத்தை எவ்வளவு அடித்தாலும் இறுகாது. அதன் அணுக்கள் உடனுக்குடன் தங்களைச் சீர்படுத்திக்கொள்கின்றன.

காரீயத்தை இறுகவைப்பது அதோடு கலக்கும் ஆண்டிமனி. லைனோடைப்பில் அது சுமார் 12 சதவீதம், வெள்ளீயம் 4 சதவீதம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சக்கரத் துண்டு போன்ற குறைந்த ஆண்டிமனிக் கலவை நடந்துகொள்ளும் விதம். 252 டிகிரியில் காரீயம் மூன்றரை சதவீத ஆண்டிமனியைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும்; ஆறிய பிறகு அரை சதவீதம்கூடத் தாங்காது. அச்சிலிருந்து சூடாக எடுத்ததைத் தண்ணீரில் போட்டால், கரைந்தது வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அடுத்த சில நாட்களில் அது நுண்துகள்களாகப் பிரிந்து, அணு வரிசைகள் நழுவாமல் தடுக்கிறது. மேசைமேல் சும்மா கிடக்கும் உலோகம் தானாக இறுகுகிறது! துளி ஆர்சனிக் இருந்தால் விளைவு இன்னும் கூடும்.

கடினமே நல்லது என்று நினைப்பது தவறு. 1849இல் பிரான்சின் மினியே வடிவமைத்த குண்டு, வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றவேண்டும். அதற்கு மென்காரீயமே ஏற்றது. அளவுக்கு மீறிக் கடினமான குண்டு விரியாமல், ஓரத்தில் சூடான வாயு கசிந்து, குழலில் காரீயத்தைப் பூசிவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் குண்டு வார்க்கும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். கையிலும் துணியிலும் ஒட்டிவரும் காரீயத் தூசு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. பழைய கார் பேட்டரி இன்னும் மோசம். இன்றைய பேட்டரித் தகடுகளில் கால்சியம் இருக்கிறது. ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் கலந்த காரீயத்தோடு அதைச் சேர்த்து உருக்கினால், மேலே திரளும் கசடில் ஈரம் பட்டதும் ஸ்டிபீன், ஆர்சீன் என்ற கொடிய வாயுக்கள் கிளம்பும். விவரம் தெரிந்தவர்கள் பேட்டரிக் காரீயத்தை உருக்குவதே இல்லை.