'கரண்ட்' சிகிச்சை: எங்கள் பயமும் ஆய்வுகள் சொல்வதும்

'கரண்ட் வைக்கப் போகினமாம்' என்று கேட்டதும் வன்னியில் பலருக்கு ஞாபகம் வருவது வைத்தியசாலை அல்ல, விசாரணை அறை. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

மின்னதிர்வுச் சிகிச்சை 1938இல் ரோமில் தொடங்கியது. அப்போது மயக்க மருந்து இல்லை. வலிப்பில் எலும்புகளும் முறிந்தன. இன்று நோயாளியைத் தூங்கவைத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏற்றிய பிறகே சில விநாடிகள் மின்சாரம் செலுத்துவார்கள். மூளையில் அது உண்டாக்கும் வலிப்பே சிகிச்சை. பொதுவாக 6 முதல் 12 தடவை. மயக்க மருந்தின்றிக் கொடுப்பதை இந்தியா 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடைசெய்தது.

பலன் உண்டா? 2003இல் 'லான்செட்' வெளியிட்ட தொகுப்பாய்வில், 18 பரிசோதனைகளின்படி, இது மாத்திரைகளைவிடக் கூடிய பலன் தந்தது. அவற்றில் பல சிறியவை, பழையவை என்ற விமர்சனமும் நியாயமானதே. குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்புகிறது. ஆகவே மாத்திரையை நிறுத்த முடியாது. மறதி பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். ஆனால் சிலருக்குப் பழைய நினைவுகள் சில திரும்புவதேயில்லை.

2009இல் யாழ். மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில் 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இச்சிகிச்சை தேவைப்படாது. உணவும் தண்ணீரும் மறுப்பவர், சாவையே நினைத்திருப்பவர், மருந்துகளுக்கு மசியாதவர், இவர்களுக்கே வைத்தியர்கள் இதை யோசிப்பார்கள்.

சம்மதம் கேட்கும்போது மயக்க மருந்து உண்டா, எத்தனை தடவை, வேறு வழி என்ன என்று கேளுங்கள். தடுப்பில் மின்சாரத்தால் வதைக்கப்பட்டவரானால், அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.