பொருந்தாக் காதல் என்று யார் சொல்வது?



ஒரு காதல் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சொல்லும் கருத்து அந்தப் படத்தைப் பற்றியது மட்டும்தானா, அல்லது அவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறதா? இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

உதாரணத்துக்கு ஒரு படம். ரோஹேனா கெரா இயக்கிய 'சார்' என்ற இந்திப் படம் 2018இல் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. 2020 நவம்பரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. மும்பை அடுக்குமாடி வீடு ஒன்றில் வேலை செய்கிறாள் ரத்னா. கிராமத்தில் இளவயதிலேயே கணவனை இழந்தவள். தங்கையைப் படிக்க வைப்பவள், தையல் கற்று ஆடை வடிவமைப்பாளர் ஆக நினைப்பவள். வீட்டுக்காரன் அஷ்வின், கட்டுமானத் தொழில் செய்யும் குடும்பத்தின் மகன். இருவருக்கும் இடையே மெல்ல ஒரு அன்பு உருவாகிறது. திலோத்தமா ஷோம், விவேக் கோம்பர் இருவரும் உரக்கப் பேசாமலேயே அதை நடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் மாணவர் அறைகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் இந்தப் படத்தைப் போட்டுப் பேசியிருக்கிறோம். கேட்ட கருத்துகளைத் திரட்டினால் நான்கில் அடங்கும். "ரொம்ப மெதுவாகப் போகிறது." "நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்காது." "இது ஏழை பணக்காரர் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது?" "கடைசியில் சேர்த்து வைத்திருக்கலாமே." ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 'மெதுவு'. இந்தப் படத்தில் அதிக நேரம் எதற்குப் போகிறது? தண்ணீர் கொண்டுவந்து வைப்பதற்கு, மேசையைத் துடைப்பதற்கு, அவன் மேசையில் சாப்பிட்டு முடித்தபின் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தட்டில் சோறு போட்டுக்கொள்வதற்கு. அவன் அறையையும் அவள் அறையையும் பிரிக்கும் ஒரு சுவரைக் கேமரா காட்டுகிறது. வேலை செய்யும் உடம்புக்கு இவை நிகழ்ச்சிகள். வேலை வாங்கிப் பழகிய கண்ணுக்கு இவை 'ஒன்றும் நடக்காத' நேரம்.

இதைச் சென்னையில் வைத்துப் பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருக்கும் பெண்கள் பலர் ஒரு காலத்தில் அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் குடியிருந்தவர்கள். குடிசை அகற்றப்பட்டபோது வீடு தூரமாகப் போனது, வேலை இங்கேயே இருந்தது. அதனால் விடியும் முன்பே பேருந்தேறி அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வந்து பாத்திரம் தேய்க்கிறார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். நம் வீட்டுப் பெண்கள் வேலை செய்யும் தெருவில் அவர்கள் குடியிருக்கக் கூடாது என்பதே இந்த நகரத்தின் ஏற்பாடு. ஒருவர் சலிப்போடு பார்க்கும் இரண்டு நிமிடக் காட்சி இன்னொருவருடைய முப்பது ஆண்டு.

இரண்டாவது, 'நடக்காது'. இந்தச் சொல்லுக்குப் பின்னால் பழைய வேர் இருக்கிறது. தொல்காப்பியம் காதலை ஏழு திணையாக வகுக்கிறது. நடுவில் அன்பின் ஐந்திணை, ஒரு பக்கம் ஒருதலைக் காமமான கைக்கிளை, மறுபக்கம் பெருந்திணை. பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். எது பொருத்தம்? மெய்ப்பாட்டியல் பத்துப் பொருத்தங்களைச் சொல்கிறது. வயதும் உருவமும் அருளும் உணர்வும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் முதலில் நிற்பது பிறப்பு, அடுத்து நிற்பது குடிமை. அடியோரும் வினைவலரும், அதாவது ஏவல் செய்வோரும் உழைப்போரும் காதலிக்கத் தடையில்லை. ஆனால் அவர்கள் காதல் ஐந்திணைக்குப் புறத்தே நிற்கும் என்று அகத்திணையியல் சூத்திரத்துக்கு உரை சொல்கிறது.

அன்றைய குடியும் இன்றைய சாதியும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆனாலும் வேலைக்காரர்களின் காதலுக்கு இலக்கியத்தின் நடுவில் இடமில்லை, ஓரத்தில்தான் இடம் என்று வரையறுத்த பழக்கம் நமக்குப் புதிதல்ல. ரத்னாவின் காதல் 'நம்பும்படி இல்லை' என்று சொல்பவர் தொல்காப்பியம் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் அவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவது, 'சாதி எங்கே?' படம் ரத்னாவின் சாதியைச் சொல்லவில்லை. இது படத்தின் குறை என்றே நாங்கள் கருதுகிறோம். சாதியைச் சொல்லாமல் விட்டதால், பார்வையாளர் தப்பித்துக்கொள்ள ஒரு வாசல் கிடைத்துவிடுகிறது. ஆனால் தனி டம்ளர், வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட், வீட்டுக் கழிப்பறையைக் கழுவலாம் ஆனால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, இவற்றைச் சம்பளக் கணக்கு மட்டும் வைத்து விளக்க முடியுமா? வறுமை தொட்டால் ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டும் என்று பயப்படுவது தீட்டுக்குத்தான். இதே படத்தை நீரஜ் கேவானின் 'மசான்' (2015) படத்தோடு சேர்த்துப் பாருங்கள். அதில் காசியில் பிணம் எரிக்கும் டோம் குடும்பத்து இளைஞன் தன் காதலியிடம் தான் யார் என்பதை வாய்விட்டுச் சொல்கிறான். சொன்ன பிறகு காதலின் எடையே மாறிவிடுகிறது.

பார்வையாளரின் கருத்து எப்போதும் வெறும் கருத்தாக நின்றதில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் பி.கே. ரோஸி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். திரையரங்கில் இருந்தவர்கள் திரையை நோக்கிக் கல் எறிந்தார்கள். ரோஸி ஊரைவிட்டே ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் மறைந்து வாழ வேண்டியிருந்தது. அதுவும் ஒரு திரை விமர்சனம்தான்.

நம் ஊரிலும் அந்த விமர்சனம் நடக்கிறது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட காலத்தில் 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைகளில் ஓங்கி ஒலித்தது. தலித் இளைஞன் காதலித்தால் அது நடிப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சமூகமே விமர்சகராக மாறியது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவாகத் தமிழ்நாடே பார்த்தது. அது வேகமான காட்சி, யாருக்கும் சலிப்பு வரவில்லை. 2024 பிப்ரவரியில் நம் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே சாதி மறுத்து மணந்த இளைஞர் வெட்டப்பட்டார். அரிவாள் மட்டும்தான் சாதி என்று நம்ப இந்த வேகம் நம்மைப் பழக்கிவிடுகிறது. அரிவாளுக்கு முன்னால் பல ஆண்டுகள் மெதுவாக நடப்பது என்ன? தட்டு, டம்ளர், தரை, லிஃப்ட். மெதுவான படம் காட்டுவது அதைத்தான். அதனால்தான் அது தேவை.

நான்காவது, 'சேர்த்து வைத்திருக்கலாமே'. அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், சமபந்தி உணவைவிடக் கலப்பு மணமே சாதியை அறுக்கும் மருந்து என்று வாதிட்டார். 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித வளர்ச்சி ஆய்வுப்படி, நாட்டில் நூறில் ஐந்து பேர் அளவில்தான் சாதி கடந்து மணந்திருக்கிறார்கள். ஆகவே சேர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் ரத்னா என்ன செய்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். அவன் தயாராக இருக்கிறான், அவள் மறுத்துவிட்டு வெளியேறுகிறாள். ஊர் சிரித்தால் அவன்மேல் தூசி படும், அவள்மேல் பழி விழும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் வழியாக வந்த அறிமுகத்தால் தையல் தொழிலில் வேலை கிடைக்கிறது. கடைசியில் மொட்டை மாடியில் நின்று தொலைபேசியில் அவனுடைய பெயரைச் சொல்கிறாள். படம் முழுக்க 'சார்' என்று மட்டுமே அழைத்த வாய் அது. பெயர் சொல்லும் உரிமை வந்த பிறகுதான் காதல் தொடங்க முடியும் என்பதே அந்த முடிவு. கல்யாணத்தைக் காட்டாததைக் குறை என்று சொல்ல முடியாது.

நம் தெருக்களில் அறுபது வயது அம்மாவை வீட்டுப் பிள்ளை பெயர் சொல்லி 'வா, போ' என்கிறது. அவர் அந்தப் பிள்ளையை 'பாப்பா', 'தம்பி' என்கிறார். மொழிக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் 2007இலேயே அமைந்துவிட்டது. அவர்களை எப்படி அழைப்பது என்பதை எந்த வாரியமும் மாற்றிவிடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். இத்தகைய படத்தைத் திரையிட்டால், பேச்சை 'பிடித்ததா, பிடிக்கவில்லையா' என்று தொடங்காதீர்கள். யார் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார், எந்தக் காட்சியில் உங்களுக்குச் சலிப்பு வந்தது, அந்தக் காட்சியில் வேலை செய்துகொண்டிருந்தது யார் என்று கேளுங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களையும் அழையுங்கள், பாய் விரித்துத் தரையில் அல்ல, நாற்காலி போட்டு. முதல் கருத்தை அவர்கள் சொல்லட்டும். மற்றவர்கள் அதன் பிறகு பேசலாம்.