மசக்கையும் மருந்தில்லாப் பரிகாரமும்



கருவுற்ற பெண்ணுக்கு முதல் மாதங்களில் உண்டாகும் வயிற்றுப் பிரட்டலையும் சத்தியையும் மசக்கை என்கிறோம். பெரும்பாலும் 6ஆம் வாரமளவில் தொடங்கி, 9ஆம் வாரமளவில் உச்சமடைந்து, 16ஆம் வாரத்துக்குள் தணிந்துவிடும். வேலைக்குக் கள்ளமாகப் படுத்திருக்கிறாள் என்று வீட்டார் ஏசுதல் அறியாமை. கருவிலிருந்து தாயின் குருதியிற் கலக்கும் ஜீ.டி.எஃப். 15 என்னும் சுரப்பே இதற்கு முக்கிய காரணம் என்பதை 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

இதற்குத் தாமாகவே மருந்து வாங்கி உண்ணலாகாது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் மருந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அது மீளப் பெறப்படுமுன் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்துவிட்டன.

ஆயின், செய்யக்கூடியன யாவை? கிரானில் வயல்வேலைக்கு விடியுமுன் எழும் பெண், எழுந்தவுடன் வெறுவயிற்றோடு அடுப்படிக்குச் செல்லலாகாது. தலைமாட்டில் றஸ்க்கோ பிஸ்கட்டோ வைத்திருந்து, அதைத் தின்று சற்றுப் படுத்திருந்தபின் மெல்ல எழுதல் நன்று. மூன்று வேளை வயிறு நிறைய உண்பதை விட, இரண்டு மணிக்கொருமுறை சிறிது சிறிதாக உண்ணலாம். நீரையும் கஞ்சியையும் உணவோடு சேர்த்தன்றி, இடையிடையே மிடறு மிடறாகப் பருக வேண்டும். வாவி மீன் பொரிக்கும் மணமே குமட்டுமாயின், அவ்வேலையை வீட்டிலுள்ள மற்றவர் ஏற்கட்டும்.

இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்குச் சான்றுண்டு. ஆய்வுகளிற் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் வேர்க்கொம்புத் தூளாகும். அதைப் பல வேளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தனர். மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரலகலம் மேலே, இரு நரம்புகளுக்கிடையே அழுத்துதலும் சிலருக்குச் சுகந்தரும். அதற்குச் சான்று வலுவானதன்று, எனினும் தீங்கில்லை. வாய்க் குமட்டலுக்கென வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுதல் மட்டும் கருவுக்குக் கேடு. போலிக் அமில மாத்திரையை நிறுத்தலாகாது; ஒவ்வாவிடின் உண்ணும் நேரத்தை மாற்றுவதுபற்றி மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

ஒரு நாள் முழுதும் நீர்கூடத் தங்காமை, சிறுநீர் கறுத்துக் குறைதல், எழும்போது மயக்கம், உடல் மெலிதல், சத்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கைமருத்துவத்தோடு நிற்கலாகாது. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றுவார்கள்; கர்ப்பிணிக்கு ஏற்றவையெனக் கண்ட மருந்துகளும் இன்று உண்டு. மாரிவெள்ளம் புலிபாய்ந்தகல் வீதியை மூடும் காலங்களில், வாவிக்கு மேற்கேயுள்ளோர் நோய் முற்றும்வரை காத்திராது முன்னதாகவே புறப்படுதல் வேண்டும். மசக்கை இயல்பானதே, தாயின் உடல் நீர்வற்றுதல் இயல்பன்று.